ராஜினாமாக் கடிதத்துக்கு முன்னால் ஒரு நாற்பது பக்க நோட்டு

ஓணம் போனஸ் கைக்கு வந்ததும் எங்கள் பாலக்காட்டுப் பக்கத்தில் ராஜினாமாக் கடிதங்கள் கிளம்பிவிடும். கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் 11 வருடம் மனிதவளப் பிரிவில் இருந்தவள் நான். இப்போது கொழிஞ்சாம்பாறையில் வேலை தேடுவோருக்கு வழிகாட்டுகிறேன். போன ஓணத்துக்குப் பிறகு இதுவரை ஒன்பது பேர் வேலையை விட்டுவிட்டு, அதற்கப்புறம் என்னிடம் யோசனை கேட்க வந்திருக்கிறார்கள். ஒன்பதாவது ஆளை அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மனசு ஆறவில்லை.

அவருக்கு 36 வயது, சிஎன்சி ஆபரேட்டர், அதாவது கம்ப்யூட்டரில் ஓடும் கடைசல் மாதிரியான இயந்திரங்களை இயக்குபவர். ஒரே கம்பெனியில் எட்டு வருடம் பத்து மாதம். சூப்பர்வைசரோடு ஒரு தகராறு. வாளையாறு தாண்டி கோவைப் பக்கம் மாதம் 3,500 ரூபாய் கூடத் தருகிறார்கள் என்று போய்ச் சேர்ந்தார். மூன்றே மாதத்தில் அதையும் விட்டுவிட்டார். ஏன் என்று கேட்டால், "அங்கயும் நைட் ஷிப்ட் போட்டுட்டாங்க மேடம்" என்கிறார். அப்படியானால் இத்தனை வருடமும் அவரைத் தின்றுகொண்டிருந்தது ராத்திரி ஷிப்ட். அது அவருக்கே தெரியவில்லை. சேருவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தன் நோவு என்னவென்று தெரியாதவர் எதைக் கேட்பார்?

அதோடு போகவில்லை. வீட்டில் சும்மா இருந்த மாதங்களில் பி.எஃப். பணத்தோடு பென்ஷன் கணக்கில் இருந்ததையும் 10சி படிவம் போட்டு எடுத்துவிட்டார். பத்து வருடச் சேவை இருந்தால் 58 வயதில் மாதாமாதம் பென்ஷன். இரண்டு கம்பெனியையும் சேர்த்தால் அவருக்குப் பாக்கி ஒரு வருடம்கூட இல்லை. இனி அந்தக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். தயவுசெய்து, பென்ஷன் பணத்தில் கை வைக்காதீர்கள். பழைய கணக்கைப் புதிய கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளுங்கள், சேவைக்காலம் தொடர்ந்து வரும்.

சரி, எனக்கு ஆகவே ஆகாத ஒரு பதிலுக்கு வருகிறேன். எதற்காக வேலையை மாற்றுகிறீர்கள் என்று யாரைக் கேட்டாலும், "சம்பளம் பத்தலீங்க, வேற ஒண்ணுமில்லீங்க." நூற்றுக்கணக்கானவர்களின் ராஜினாமாவை நான் கையில் வாங்கியிருக்கிறேன். சம்பளம் என்பது சொல்வதற்கு மரியாதையான காரணம். யார் முகமும் சுருங்காது, வீட்டிலும் ஒத்துக்கொள்வார்கள். "என்னை எல்லார் முன்னாலும் ஒருமையில் பேசுகிறார்" என்று சொல்ல வெட்கம். "ஆறு வருடமாக ஒரே பட்டனை அழுத்துகிறேன், புதிதாக ஒன்றும் கற்கவில்லை" என்று சொன்னால் திமிர் என்பார்கள். ஆகவே சம்பளம். சொல்லிச் சொல்லி நாமே அதை நம்பிவிடுகிறோம். அப்புறம் 3,000 ரூபாய் கூடுதலாகக் கிடைத்த இடத்திலும் அதே முகத்தோடு நிற்கிறோம்.

அதனால் வருகிறவர்களிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கச் சொல்வேன். வேலை முடிந்து வந்ததும் இரண்டே வரி: இன்று எந்த நேரம் நன்றாகப் போனது, எந்த நேரம் எரிச்சல் வந்தது. 14 நாள். பெரும்பாலான நோட்டுகளில் சம்பளம் என்ற சொல்லே வருவதில்லை. நின்றே இருந்ததில் கால் வீங்கியது வரும். வேலந்தாவளம் பஸ்ஸில் இடம் கிடைக்காதது வரும், மேலாளர் பெயர் நான்கு முறை வரும். சம்பளம் மாதத்தில் ஒரு நாள் உறுத்துகிறது, மற்றது தினமும் உறுத்துகிறது. சிலர் நோட்டில் பணம் மட்டும்தான் இருக்கும், அதையும் மறுக்கவில்லை. அவர்களிடம் எவ்வளவு குறைகிறது என்று ரூபாயில் கேட்பேன். தொகை சரியாக வண்டிக் கடனின் தவணையாக இருக்கும். அந்தக் கடன் ஒரு வருடத்தில் முடியும் என்றால் அதற்காக ஒன்பது வருட வேலையை விட வேண்டுமா?

கூடுதல் சம்பளம் என்கிறார்களே, அதையும் கணக்குப் போடுங்கள். சி.டி.சி. என்று சொல்லும் தொகை, உங்களுக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு. அதற்குள் கம்பெனி கட்டும் பி.எஃப். பங்கும் பெரும்பாலும் கிராஜுவிட்டி என்ற பணிக்கொடையும் அடங்கியிருக்கும். கைக்கு வருவது எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். பஸ் செலவைக் கழித்துவிடுங்கள்.

ஆஃபர் லெட்டர் கையில் வராமல் ராஜினாமா எழுதாதீர்கள், வாய்ச்சொல் ஆஃபர் ஆகாது. நோட்டீஸ் காலத்தை முழுதாக முடித்து வேலையிலிருந்து விடுவித்ததற்கான ரிலீவிங் லெட்டர் வாங்குங்கள். நம் பக்கத்தில் பலருக்கு எஸ்எஸ்எல்சி புத்தகத்தில் ஒரு பெயர், ஆதாரில் இன்னொரு பெயர். அதை வேலையில் இருக்கும்போதே திருத்துங்கள். அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கப் போகிறேன் என்று வேலையை விடும் தம்பிகளே, வேலையில் இருந்தபோது தினம் ஒரு மணி நேரம் படித்தீர்களா? இல்லையென்றால் வீட்டில் இருந்தாலும் படிக்கமாட்டீர்கள். கோபப்பட்டுக்கொள்ளுங்கள், பரவாயில்லை. வளைகுடாவுக்குப் போகிறவர்கள் ஏஜெண்டின் பெயர் மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு பெற்ற ஏஜெண்ட் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் சேவைக் கட்டணமாக வாங்கலாம். லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

நோட்டில் எழுதச் சங்கடப்படுகிறவர்கள் ஃபோனில் பேசிப் பதிவு செய்தால் போதும். தமிழோ மலையாளமோ இரண்டும் கலந்தோ, எப்படியும் பேசலாம்.

ஒன்பதாவது ஆளிடமும் முதல் தடவை வந்தபோதே நோட்டு கொடுத்திருந்தேன். இப்போது வேலை இல்லை, அதனால் பழைய கம்பெனியில் நன்றாகப் போன நாட்களை எழுதச் சொன்னேன். புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு இயந்திர பாகங்களின் டிராயிங்கைப் படிக்கச் சொல்லிக்கொடுத்ததை மூன்று பக்கம் எழுதியிருக்கிறார். இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. திங்கட்கிழமை ஒரு டூல் ரூமில், அதாவது அச்சும் கருவியும் செய்யும் பட்டறையில், விசாரிக்கப் போகிறோம். பகல் ஷிப்ட் மட்டும்தானா என்பதை முதலில் அவரே கேட்பதாகச் சொல்லியிருக்கிறார்.