ப்ரொஃபிஷியன்சி டெஸ்ட்: தமிழில் கைதேர்ச்சிச் சோதனை

தடய அறிவியல் ஆய்வகத்தில் ‘பி.டி. வந்திருக்கிறது’ என்று யாராவது சொன்னால், ப்ரொஃபிஷியன்சி டெஸ்டுக்கான மாதிரி வந்திருக்கிறது என்று பொருள். விடையை முன்பே வைத்துக்கொண்டு, வெளி அமைப்பு ஒன்று ஒரே மாதிரியைப் பல ஆய்வகங்களுக்கு அனுப்பும். வழக்குப் பொருளை ஆய்வது போலவே அதையும் ஆய்ந்து, குறித்த நாளுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும். ஆய்வகங்களுக்கான பன்னாட்டுத் தரநெறியான ஐஎஸ்ஓ 17025-இன் அங்கீகாரம் பெற்ற ஆய்வகம், தன் முடிவுகளைப் பிற ஆய்வகங்களின் முடிவுகளோடு ஒப்பிட்டுக் காட்டவேண்டிய கட்டாயம் உண்டு. அதற்கு வழக்கமான வழி இதுதான்.

இதைத் தமிழில் ‘திறன் தேர்வு’ என்றோ ‘தகுதித் தேர்வு’ என்றோ எழுதிவிடுகிறார்கள். இரண்டுமே வேலைக்கு ஆள் எடுக்கும் பரீட்சையைத்தான் நினைவுபடுத்தும். தகுதியைப் பார்க்கும் சோதனை தனியாக இருக்கிறது. காம்பிடன்சி டெஸ்ட் என்பார்கள். பயிற்சியை முடித்தவர் தனியாக வழக்குகளைக் கையாளலாமா என்று முடிவு செய்ய, வேலையின் வாசலில் நடப்பது அது. அதைத் ‘தகுதிச் சோதனை’ எனலாம். பி.டி.யோ வேலையில் இருக்கும் காலம் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். அமெரிக்காவில் எஃப்.பி.ஐ. வகுத்த டி.என்.ஏ. ஆய்வகத் தரநெறிகளின்படி, ஒவ்வொரு ஆய்வாளரும் ஆண்டுக்கு 2 முறை வெளிச் சோதனைக்கு உட்பட வேண்டும். அதோடு ஆண்டுக்கு 8 மணி நேரமாவது தொடர்கல்வியும் பெற வேண்டும்.

ப்ரொஃபிஷியன்சிக்கு மூலம் லத்தீனின் ‘ப்ரோஃபிகெரே’. ‘ப்ரோ’ என்பது முன். ‘ஃபாகெரே’ என்பது செய்தல். முன்னேறுவது, பயன் காண்பது என்பது பொருள். 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்திலும் முன்னேற்றம் என்ற பொருளில்தான் நுழைந்தது. கைவந்த திறமை என்ற பொருள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

தமிழில் ‘தேர்’ என்ற வினைக்கு ஆராய்தல் என்பது பழைய பொருள். ‘தேரா மன்னா’ என்று பாண்டியனை நோக்கிக் கண்ணகி சொன்னது, சிலம்பை ஆராயாமல் தீர்ப்புச் சொன்னவனே என்றுதான். தடயத்தை ஆராய்பவருக்கு இதைவிடப் பொருத்தமான வேர்ச்சொல் அமையாது. ஆனால் ‘தேர்ச்சி’ என்று மட்டும் எழுதினால் பள்ளி மதிப்பெண் பட்டியலின் ‘பாஸ்’ முன்னால் வந்து நிற்கிறது. ‘கைதேர்ந்தவர்’ என்பதில் அந்தச் சிக்கல் இல்லை. செய்து செய்து பழகிய கை என்ற பொருள் அதில் தெளிவாக இருக்கிறது. ஆகவே கைதேர்ச்சிச் சோதனை. சற்று நீளம்தான், பேச்சில் பி.டி. இருக்கவே இருக்கிறது.

எண்ணாக வரும் முடிவுகளை ‘இசட் மதிப்பு’ கொண்டு எடைபோடுகிறார்கள். ஆய்வகம் சொன்ன அளவிலிருந்து சரியான அளவைக் கழித்து, அனுமதித்த திட்ட விலக்கத்தால் (முடிவுகள் எவ்வளவு சிதறலாம் என்ற அளவு) வகுக்க வேண்டும். ரத்தத்தில் ஆல்கஹாலின் சரியான அளவு 100 மி.லி.க்கு 30 மி.கி. (இந்தியாவில் வாகன ஓட்டிக்குச் சட்டம் வைத்திருக்கும் வரம்பும் இதுதான்), விலக்கம் 1.5 என்று வைத்துக்கொள்வோம். 33.6 என்று சொன்ன ஆய்வகத்துக்கு 2.4 வரும். கூடுதலோ குறைவோ, 2 வரை சரி. 2க்கும் 3க்கும் இடையில் என்றால் ஐயத்துக்குரியது. 3 ஆகிவிட்டால் தவறு, காரணத்தைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும்.

காரணம் பெரும்பாலும் சின்னதாகவே இருக்கும். கருவியைச் சரிசெய்யப் பயன்படும், அளவு தெரிந்த அளவுத்திருத்தக் கரைசலின் மூடி சரியாக இறுகாமல் ஆல்கஹால் ஆவியாகியிருந்தால், லேபிளில் உள்ளதைவிடக் கரைசல் நீர்த்திருக்கும். மாதிரி கூடுதலாகக் காட்டும். மாதிரிக் குப்பியே கசிந்திருந்தால் குறைவாகக் காட்டும். உள்நியமமாக, அதாவது ஒப்பிடுவதற்காக ஒரே அளவில், சேர்க்கும் என்-புரோப்பனால் பிப்பெட்டில் கொஞ்சம் குறைந்தாலும் முடிவு மேலே ஏறும். கருவி ஒழுங்காக ஓடியும், மி.கி.யைக் கிராமாக மாற்றும்போது புள்ளியை இடம் மாற்றிப் போட்டு மாட்டிக்கொள்பவர்களும் உண்டு. வேதியியலைச் சரிபார்ப்பதற்கு முன் எழுத்துப் பிழையைத் தேடுவது நல்லது.

இந்தச் சோதனையின் பலவீனம், சோதனை என்று எல்லோருக்கும் தெரிந்திருப்பதுதான். அன்றைக்கு மட்டும் இரண்டு தடவை ஓட்டிப் பார்ப்பார்கள், மூத்தவரிடம் காட்டுவார்கள். கைரேகை போன்ற ஒப்பீட்டுத் துறைகளில், உண்மையான சம்பவ இடத்தில் கிடைப்பதைவிடத் தெளிவான ரேகைகள் வருகின்றன என்ற குறையும் உண்டு. இதற்கு மாற்று, வழக்குகளுக்கு நடுவே ஆய்வாளருக்குத் தெரியாமல் மாதிரியை நுழைக்கும் ‘மறைநிலைச் சோதனை’. ஹூஸ்டன் தடய அறிவியல் மையம் இதை 2015 முதல் செய்துவருகிறது. நடத்துவது எளிதல்ல. பொட்டலம் அளவுக்கு மீறிச் சுத்தமாக இருந்தாலோ, கடிதத்தின் கையெழுத்து பழகியதாக இருந்தாலோ ஆய்வாளர் மோப்பம் பிடித்துவிடுவார்.

அறிக்கையிலோ சாட்சியத்திலோ குறிப்பிடும்போது ‘தேர்ச்சி பெற்றார்’ என்று நிறுத்திவிடக் கூடாது. எந்த ஆய்வுமுறையில், எந்த ஆண்டுச் சுற்றில், என்ன முடிவு என்று சொல்ல வேண்டும்: ‘ரத்த ஆல்கஹால் கைதேர்ச்சிச் சோதனையில் பங்கேற்றார், இசட் மதிப்பு 0.8’. குறுக்கு விசாரணையில் வழக்கறிஞர் கேட்கப்போவதும் இவற்றைத்தான்.