ஹேண்டில்பார் மாற்றிய பிறகு ஃபியூஸ் போகிறதா? ஃபியூஸைக் குறை சொல்லாதீர்கள்

போன ஞாயிறு ராத்திரி பதினோரு மணிக்கு எனக்கு ஒரு போன். ஏலகிரியில் இருந்து இறங்கிக்கொண்டிருந்த குடியாத்தத்துப் பையன். கொண்டை ஊசி வளைவில் வண்டியைத் திருப்பியதும் ஹெட்லைட், மீட்டர், இன்ஜின் மூன்றும் ஒன்றாக நின்றுவிட்டன, டேங்குக்கு அடியிலிருந்து புகை வருகிறது, "அண்ணா என்ன பண்றது"ன்னு நடுங்குகிற குரலில் கேட்கிறான். பேட்டரி ஒயரைக் கழற்று, வண்டியை விட்டுத் தள்ளி நில் என்றேன். மறுநாள் காலையில் மினி லாரியில் காட்பாடியில் இருக்கிற என் பட்டறைக்கு வந்து இறங்கியது வண்டி.

350 சிசி வண்டி. இரண்டு வாரத்துக்கு முன்னால் உயரமான ஹேண்டில்பார் மாட்டியிருக்கிறான். அன்று முதல் ஃபியூஸ் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. மூன்று ஃபியூஸ் போனதும் யாரோ ஒருவர் "ஃபியூஸ் வீக்கா இருக்குப்பா" என்று சொல்லி, அந்த இடத்தில் செப்புக் கம்பியை முறுக்கிச் சொருகிவிட்டிருக்கிறார். இந்த மாசத்தில் இப்படி வந்த நாலாவது வண்டி இது. அதனால்தான் எழுதுகிறேன்.

தம்பிகளே, ஃபியூஸ் வீக்காக இருக்காது. 15 ஆம்பியர் என்று போட்டிருந்தால் அதைத் தாண்டிக் கரண்ட் போகும்போது உருகத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். ஃபியூஸ் காப்பாற்றுவது பல்பை என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது காப்பாற்றுவது ஒயரை. ஹேண்டில் ஸ்விட்சுக்கு வருகிற ஒயர்கள் பெரும்பாலும் அரை சதுர மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். அந்த ஒயர் எங்கேயோ தோல் உரிந்து இரும்பில் படுகிறது, ஃபியூஸ் போகிறது. இப்போது நீங்கள் 30 ஆம்பியர் ஃபியூஸ் போட்டாலோ கம்பி சுற்றினாலோ பிரச்சினை போகாது, அடுத்து உருகப் போவது அந்த ஒயர்தான், அதுவும் பெட்ரோல் டேங்குக்கு நேர் கீழே. "12 வோல்ட்தானே, ஷாக்கே அடிக்காதே" என்பார்கள். ஷாக் அடிக்காது, சரி. ஆனால் ஷார்ட் ஆனால் இந்தச் சின்ன பேட்டரி நூறு ஆம்பியருக்கு மேல்கூட ஒரே மூச்சில் தள்ளும். அந்தப் பையன் வண்டியில் உள்ளே போகிற ஒயரிங் ஒரு முழம் நீளத்துக்குக் கரிக்கட்டையாக இருந்தது.

ஹேண்டிலுக்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களே, எல்லா ஸ்விட்சும் அதில்தானே இருக்கிறது! பழைய ஹேண்டிலுக்கு அளந்து வைத்த ஒயரை நாலு அங்குலம் உயரமான ஹேண்டிலுக்கு இழுத்துக் கட்டினால் நேராக ஓட்டும்வரை ஒன்றும் தெரியாது. வேலூரில் இருந்து ஆம்பூர் வரை ஹைவேயில் ஹேண்டில் திரும்பவே திரும்பாது. ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் ஒயர் இழுபடும், ஃபோர்க்குக்கும் பிரேமுக்கும் நடுவில் நசுங்கும். இந்த வண்டியிலும் அங்கேதான் நசுங்கியிருந்தது.

நான் அடிக்கடி பார்க்கிற இன்னொரு தப்பு, ஸ்விட்சுக்கு உள்ளே இருக்கிற சின்ன முளையை வெட்டிவிடுவது. புது ஹேண்டிலில் அதற்கு ஓட்டை இல்லை, உடனே பிளேடை எடுத்துவிடுகிறார்கள். அப்புறம் ஸ்விட்ச் சுற்றிக்கொண்டே இருக்கும், ஒயரும் கூடவே முறுக்கிக்கொள்ளும். அளந்து ஓட்டை போடுங்கள், முளையைத் தொடாதீர்கள். ஒயரை ஹேண்டிலுக்கு உள்ளே விட ஆசைப்பட்டால் ஓட்டையின் ஓரத்தை அரம் வைத்துத் தேய்த்து, ரப்பர் கிராமெட் (ஓட்டையின் ஓரம் ஒயரை வெட்டாமல் இருக்கப் போடும் வளையம்) போடாமல் விடவே விடாதீர்கள்.

ஃபியூஸ் போகாமல் ஹாரன் மட்டும் அடிக்காமல் போனால் வேறு கதை. சில பழைய வண்டிகளில் ஹாரன் பட்டனுக்கு எர்த் ஹேண்டில் வழியாகத்தான் வரும். பெயிண்ட் அடித்த புது ஹேண்டிலில் அந்த எர்த் கிடைக்காது. தனியாக ஒரு எர்த் ஒயர் இழுத்தால் முடிந்தது. செல்ப் எடுக்கவில்லை என்றால் முதலில் கிளட்ச் லீவர் ஸ்விட்சின் கப்ளரை, அதாவது ஒயர்களை இணைக்கிற பிளக்கைப் பாருங்கள், பாதி நேரம் மாட்டவே மறந்திருப்பார்கள். பிரேக் லைட்டுக்கும் இதே கதைதான்.

ஷார்ட் எங்கே என்று தேட ஃபியூஸ் மேல் ஃபியூஸாக எரிக்க வேண்டாம். ஹெட்லைட் கப்ளரைக் கழற்றிவிடுங்கள், 2017 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டிகளில் ஹெட்லைட்டை ஸ்விட்சில் அணைக்க முடியாது, அது இழுக்கிற கரண்டே சோதனையைக் குழப்பிவிடும். ஃபியூஸ் இருக்கிற இடத்தில் ஒரு பழைய 12 வோல்ட் ஹெட்லைட் பல்பை இரண்டு ஒயர் வைத்து மாட்டிச் சாவியைப் போடுங்கள். பல்பு பளீரென்று எரிந்தால் ஷார்ட் இருக்கிறது. ஹேண்டிலை மெதுவாக இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்புங்கள். எந்த இடத்தில் பல்பு மங்குகிறதோ, பளிச்சிடுகிறதோ, அங்கே அசைகிற ஒயரைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். என் பட்டறைக்கு வருகிற பையன்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

ஒயர் எட்டவில்லை என்றால் அதே கனமுள்ள ஒயர் வைத்து ஈயத்தால் பற்றவைத்து (சால்டரிங்), மேலே ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கி ஒயரை இறுக்குகிற உறை) போடுங்கள். வெறும் முறுக்கு, அதன் மேல் டேப் என்ற வேலை வேண்டவே வேண்டாம். நம்ம ஊர் மே மாத வெயிலில் டேப்பின் பசை வழிந்து எல்லாம் அவிழ்ந்துவிடும். ஆரம்பிக்கும் முன்னால் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். முடித்ததும் இன்ஜினை ஐட்லிங்கில் விட்டு ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். திருப்பும்போது ஆக்சிலரேட்டர் தானாக ஏறினால் கேபிளும் பத்தவில்லை, அந்த வண்டியைத் தயவுசெய்து ரோட்டுக்கு எடுக்காதீர்கள்.

இதையெல்லாம் நீங்களே செய்ய முடியாவிட்டால் பரவாயில்லை. தெரிந்த ஒயரிங் ஆளிடம் ஒரு தடவை காட்டிவிட்டு மலைக்குப் போங்கள். என்னிடம் கொண்டுவந்தாலும் பார்த்துச் சொல்கிறேன், பார்ப்பதற்குக் காசு வாங்க மாட்டேன்.