உள்ளங்கை மஞ்சளும் யூரிக் ஆசிட்டும்

எங்க சித்தப்பாவுக்கு ரெண்டு மாசம் முன்னாடி ராத்திரி தூக்கத்துல கால் பெருவிரல் வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகுதுன்னு கத்திட்டார். டெஸ்ட்ல யூரிக் ஆசிட் 8.4. டாக்டர் குடுத்த மாத்திரை ஒரு பக்கம் இருக்க, வாட்ஸ்அப் வைத்தியமும் சேந்துக்கிச்சு: கீரை, பருப்பு கட், தினம் ரெண்டு டம்ளர் கேரட் ஜூஸ். ஒரு மாசத்துல உள்ளங்கை மஞ்சளாயிடுச்சு. சித்தி காமாலைன்னு பயந்து கீழாநெல்லி தேடக் கிளம்பிட்டாங்க. கண்ணைப் பாத்தேன், வெள்ளை வெள்ளையாத்தான் இருந்துச்சு. காமாலைன்னா கண்ணும் மஞ்சளாகும், இது கேரட் கலர். "அப்ப ரத்தத்துல இந்தக் கலர் ஏறினா யூரிக் ஆசிட் இறங்குமாடா?"ன்னு கேட்டார் சித்தப்பா. நல்ல கேள்விதான்.

யூரிக் ஆசிட் கதை தெரிஞ்சதுதான், நம்ம செல்லுலயும் சாப்பாட்டுலயும் இருக்கற ப்யூரின்ங்கற பொருள் உடைஞ்சு கடைசியா வர்ற கழிவு. நாய், மாடு எல்லாம் யூரிகேஸ்ங்கற என்சைம் வச்சு அதையும் உடைச்சுடும், நம்ம மூதாதைக் குரங்குங்க அந்த ஜீனை எப்பவோ தொலைச்சுட்டுச்சு. கிட்னியும் வடிகட்டினதுல 90 சதவீதத்தை திரும்ப உள்ளயே இழுத்துக்கும். 6.8 தாண்டினா ரத்தத்துல கரைஞ்சு நிக்காது, மூட்டுல ஊசி ஊசியா படிகமா உக்காரும், அந்த மூட்டு வலிதான் கௌட்.

எனக்குப் பிடிச்சது கலர் போற வழி. கேரட்டுக்கு ஆரஞ்சு கலர் குடுக்கற பீட்டா கரோட்டின் தண்ணில கரையாது, கொழுப்புல மட்டும்தான். கேரட்டை வேகவச்சா செல் சுவர் உடையும், தாளிச்ச எண்ணெய்ல கலர் இறங்கும், பொரியல் முடிஞ்சு வாணலில மிஞ்சற எண்ணெய் ஆரஞ்சா இருக்கறதைப் பாத்திருப்பீங்க. குடல்ல பித்தநீர் அந்த எண்ணெயைத் துளித்துளியா பிரிச்சு குடுக்க, குடல் செல் கொஞ்சத்தை வெட்டி வைட்டமின் ஏ ஆக்கிடும், மிச்சம் கொழுப்பு உருண்டைல ஏறி ரத்தத்துக்கு வந்து, கொலஸ்ட்ராலைச் சுமக்கற எல்டிஎல் துகள் மேல சவாரி பண்ணும். எருமை வெட்டற வேலையை ஒழுங்கா செய்யும், அதான் அதோட நெய் வெள்ளை. பசு அரைகுறை, அதான் மஞ்ச நெய். இந்த விஷயத்துல நாம பசு ஜாதி.

இப்ப சித்தப்பா கேள்விக்கு வர்றேன். அமெரிக்க தேசிய சுகாதார சர்வே ரத்தத்தை அலசினப்ப, பீட்டா கரோட்டின் அதிகம் இருந்தவங்களுக்கு யூரிக் ஆசிட் கம்மியா இருந்துச்சு. ஆனா அதுலேர்ந்தே வர்ற வைட்டமின் ஏ அதிகமா இருந்தவங்களுக்கு யூரிக் ஆசிட்டும் அதிகம்! குழம்புதா? கிட்னி மந்தமானா வைட்டமின் ஏயும் ரத்தத்துல தேங்கும், யூரிக் ஆசிட்டும் தேங்கும். ரெண்டுக்கும் பின்னாடி நிக்கறது கிட்னியா இருக்கலாம். அதே மாதிரி உடம்பு பெருத்தவங்களுக்கு கரோட்டின் கொழுப்புல போய் ஒளிஞ்சுக்கும், ரத்தத்துல கம்மியாகும், அவங்களுக்கு யூரிக் ஆசிட் ஏறறதும் சகஜம். அதனால கலரை சாட்சின்னு சொல்லுவேன், மருந்துன்னு சொல்ல மாட்டேன்.

சாட்சியை மருந்தா நினைச்சு ஒருதடவை பெரிய அடி வாங்கியாச்சு. கரோட்டின் அதிகமுள்ளவங்களுக்கு நுரையீரல் கேன்சர் கம்மின்னு பாத்து, பின்லாந்துல 29,133 ஆம்பளை புகைக்காரங்களை வச்சு சோதனை பண்ணினப்ப, கரோட்டின் மாத்திரை சாப்பிட்ட கூட்டத்துல அந்த கேன்சர் 18 சதவீதம் கூடிடுச்சு, 1994ல ரிசல்ட் வந்துச்சு. யூரிக் ஆசிட்டுக்கும் அப்படி சோதிச்சுதான் சொல்லணும், ஆனா கேரட்டுக்கும் கீரைக்கும் பேடண்ட் கிடையாது, எந்த கம்பெனியும் காசு போடாது, அரசாங்கம்தான் போடணும், அது போட்டா சூரியன் மேற்கேன்னு வச்சுக்கங்க.

கீரையை நிறுத்தினதும் வீண். 2004ல வந்த ஆய்வு, 47,150 ஆம்பளைங்களை 12 வருஷம் தொடர்ந்து பாத்தது, கறியும் மீனும் கௌட்டை கூட்டுச்சு, ப்யூரின் இருக்கற காய்கறி கூட்டல.

ஒண்ணு விட்டுட்டேன், சித்தி ஜூஸ்ல டம்ளருக்கு மூணு ஸ்பூன் சர்க்கரை போட்டிருக்காங்க. சர்க்கரைல பாதி ஃப்ரக்டோஸ், கல்லீரல் அதை பிரேக் இல்லாம எரிக்கும், செல்லோட எரிபொருளான ஏடிபி சரசரன்னு செலவாகி உடைஞ்சு யூரிக் ஆசிட்டா வெளிய வரும். ஜூஸை நிறுத்தியாச்சு. மாத்திரை மட்டும் நிக்கக்கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார். நேத்து போனப்ப சித்தப்பா பருப்பு போட்ட கீரைக்கூட்டு சாப்பிட்டுக்கிட்டு இருந்தார், உள்ளங்கைல இன்னும் லேசா மஞ்சள் இருந்துச்சு.