சார்ட்டர் பள்ளி: தமிழில் எப்படிச் சொல்வது?

அமெரிக்காவில் பிள்ளைக்குப் பள்ளி தேடும் தமிழ்ப் பெற்றோர் என்றாவது ஒரு நாள் 'சார்ட்டர் ஸ்கூல்' என்ற பெயரைச் சந்தித்தே தீருவார்கள். பெயரைக் கேட்டதும் வருகிற முதல் கேள்வி, "பீஸ் எவ்வளவு?" பீஸ் கிடையாது. மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் பொதுப்பள்ளி அது. ஆனால் நடத்துவது பெரும்பாலும் லாப நோக்கமில்லாத ஓர் அமைப்பு; அதற்குக் கொடுக்கும் அனுமதிப் பத்திரத்தின் பெயர்தான் 'சார்ட்டர்'. அதனால் இதைத் 'தனியார் பள்ளி' என்று எழுதுவது தவறு; வெறுமனே 'அரசுப் பள்ளி' என்றாலும் பாதிதான் சொன்னதாகும்.

சொல்லின் வேர் ஒரு தாள். பப்பைரஸ் ஏட்டுக்குக் கிரேக்கர் வைத்த பெயர் லத்தீனில் 'கார்ட்டா' ஆனது. 'சிறு தாள்' என்ற பொருளில் அதிலிருந்து பிறந்த 'கார்ட்டுலா' பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் 'சார்ட்டர்' ஆயிற்று. சார்ட், கார்டு எல்லாம் இதன் பங்காளிகள். அரசர் உரிமை கொடுத்து எழுதிய தாளின் பெயரே உரிமைக்கும் பெயராகிவிட்டது. நம் செப்புப் பட்டயமும் இப்படித்தான்: தகடும் அதுதான், அதில் எழுதிய உரிமையும் அதுதான்.

தமிழில் இரண்டு சொற்கள் போட்டியிடுகின்றன. ஐ.நா. சாசனம் என்று எழுதிப் பழகியவர்கள் 'சாசனப் பள்ளி' என்பார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. சாசனம் என்றதும் சந்திர சூரியர் உள்ளவரை செல்லும் கல்வெட்டுதான் நினைவுக்கு வருகிறது. சார்ட்டர் பள்ளியின் உயிரே கெடுவில் இருக்கிறது: பெரும்பாலும் சில ஆண்டுகளுக்குத்தான் அனுமதி, சொன்னபடி செய்யாவிட்டால் புதுப்பிக்க மாட்டார்கள், பள்ளியையே மூடிவிடலாம்.

'பட்டயம்' இதற்குப் பொருந்துகிறது. பள்ளியில் வரலாறு படித்தவர்களுக்குப் பட்டயச் சட்டங்கள் தெரிந்திருக்கும். கிழக்கிந்தியக் கம்பெனியின் உரிமை 1793, 1813, 1833, 1853 என்று இருபது ஆண்டுக்கு ஒருமுறை நாடாளுமன்றத்தில் புதுப்பிக்கப்பட்டு வந்தது. 1813-ஆம் ஆண்டுச் சட்டம்தான் இந்தியாவில் கல்விக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்கச் சொன்னது. புதுப்பித்தாக வேண்டிய உரிமை என்ற பொருள் அந்தச் சொல்லில் ஏற்கெனவே இருக்கிறது. பட்டயப் படிப்பு என்றால் டிப்ளமோதானே என்று குழம்புபவர்கள் இருப்பார்கள். பட்டயக் கணக்காளரை யாரும் டிப்ளமோக்காரர் என்று நினைப்பதில்லை, சரி, இதுவும் பழகிவிடும். 'பட்டயப் பள்ளி' என்றே எழுதலாம்.

1988-இல் பட்டயப் பள்ளி என்ற யோசனையை அமெரிக்கா அறியச் செய்தவர் ஆசிரியர் சங்கத் தலைவர் ஆல்பர்ட் ஷாங்கர். பிற்பாடு அவரே இதைக் கடுமையாக விமர்சித்தார் என்பது வேறு கதை. முதல் சட்டம் 1991-இல் மினசோட்டாவில் வந்தது. அடுத்த ஆண்டே செயின்ட் பால் நகரில் முதல் பள்ளி திறந்தது.

இடத்துக்கு மேல் விண்ணப்பம் குவிந்தால் குலுக்கல்தான். மதிப்பெண் பார்ப்பதில்லை, அண்ணனோ அக்காவோ அங்கே படித்தால் முன்னுரிமை கிடைக்கலாம். மற்றவர்கள் காத்திருப்போர் பட்டியலில். ஆய்வாளர்களுக்கு இந்தக் குலுக்கல் பெரிய வரம். சீட்டு விழுந்த பிள்ளையும் விழாத பிள்ளையும் ஒரேமாதிரி அக்கறையுள்ள வீட்டிலிருந்து வந்தவர்கள் என்பதால், பின்னாளில் தெரியும் வித்தியாசத்தைப் பள்ளியின் கணக்கில் எழுதலாம். பாஸ்டனில் இப்படிப் பார்த்தபோது நல்ல முன்னேற்றம் தெரிந்தது.

எல்லா இடத்திலும் அப்படியில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கல்வி ஆய்வு மையமான கிரீடோ 2009-இல் வெளியிட்ட ஆய்வில், கணிதத்தில் 17% பட்டயப் பள்ளிகளே பக்கத்தில் உள்ள வழக்கமான பொதுப்பள்ளிகளை மிஞ்சின, 37% பின்தங்கின. 2023 ஆய்வில் நிலை மாறி, வழக்கமான பொதுப்பள்ளிப் பிள்ளைகளைவிட வாசிப்பில் சராசரியாக 16 நாள், கணிதத்தில் 6 நாள் கூடுதலாகக் கற்றதற்குச் சமமான முன்னேற்றம் காணப்பட்டது. இணையவழிப் பட்டயப் பள்ளிகள் மட்டும் வெகுவாகப் பின்தங்கின.

இந்தப் பள்ளிகளின் அறிக்கையில் இரண்டு சொற்கள் அடிக்கடி வரும். ஒன்று 'அச்சீவ்மென்ட்'; அதைக் 'கற்றல் அடைவு' என்று எழுதலாம். 'தேர்ச்சி விகிதம்' என்றால் நம் பொதுத்தேர்வு நினைவு வந்து தடம் மாறிவிடும். இன்னொன்று 'டெமோகிராஃபிக்ஸ்'; அதை 'மக்கள்தொகையியல்' என்று பெயர்ப்பது அபத்தம், அது ஒரு படிப்பின் பெயர். 'மாணவர் பின்னணி' போதும்: இனம், வீட்டுமொழி, வருமானம், மாற்றுத்திறன்.

இதில் வருமானக் கட்டத்தைக் கவனித்துப் படிக்க வேண்டும். இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதியானவர் எத்தனை பேர் என்பதையே வறுமையின் அளவாகப் போடுகிறார்கள். குடும்ப வருமானம் வறுமைக்கோட்டின் 130 விழுக்காட்டுக்குள் என்றால் இலவசம், 185 வரை சலுகை விலை. ஆனால் 2014-இலிருந்து நாடு முழுவதும், ஏழைப் பிள்ளைகள் அதிகமுள்ள பள்ளிகள் தனித்தனியாக விண்ணப்பம் வாங்காமல் எல்லோருக்கும் சோறு போடலாம். அப்படிப்பட்ட பள்ளியின் அட்டவணையில் 100% என்று இருந்தால், எல்லாப் பிள்ளைகளும் ஏழைகள் என்று எடுத்துக்கொள்ள முடியாது.