பளு தூக்கினால் பசி கூடுமா?

உடற்பயிற்சிக்கூடம் போகத் தயங்கும் இளம்பெண்கள் அடிக்கடி சொல்லும் காரணம் ஒன்று: "வெயிட் தூக்கினா அகோரமா பசிக்கும், இருக்கிற எடையும் ஏறிடும்." தூக்கி முடித்த முதல் ஒரு மணி நேரத்தில் உடம்புக்குள் நடப்பது பெரும்பாலும் இதற்கு நேரெதிர்.

பசியைத் தூண்டும் ஹார்மோனான கிரெலின் இரைப்பையில் சுரக்கிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 1999இல் கண்டறிந்தது. தசைகள் கடுமையாக வேலை செய்யும்போது குடலுக்குப் போகும் ரத்தம் குறைந்து கைகால்களுக்குத் திரும்புகிறது, தசை உழைப்பில் உண்டாகும் லாக்டேட் என்ற பொருள் ரத்தத்தில் ஏறுகிறது, கிரெலின் தற்காலிகமாக இறங்குகிறது. ஓட்டத்தில் வயிறு நிறைந்ததாக உணர்த்தும் பிஒய்ஒய் ஹார்மோனும் கூடும். பளு தூக்குவதில் அது அந்த அளவுக்குக் கூடுவதில்லை. இந்த அளவீடுகளில் பெரும்பாலானவை ஆண்களிடம் எடுக்கப்பட்டவை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சரி, மாதக் கணக்கில்? தசை கூடினால் உடலின் அன்றாடத் தேவை கூடும், மூளை அதற்கேற்பப் பசியை ஏற்றும். ஆனால் அளவைப் பாருங்கள். ஒரு கிலோ தசை சும்மா இருக்கும்போது நாளொன்றுக்கு எரிப்பது ஏறக்குறைய 13 கலோரி, ஒரு கிலோ கொழுப்பு 4.5. சில மாதப் பயிற்சியில் இரண்டு கிலோ தசை ஏறினாலும் கூடுதல் தேவை 26 கலோரிதான், ஒன்றரைத் தேக்கரண்டி சீனி. "தசை வைத்தால் தூங்கும்போதும் கொழுப்பு கரையும்" என்ற விளம்பரப் பேச்சும் இந்தக் கணக்கிலேயே அடிபட்டுப் போகிறது.

பிறகு எடை ஏன் இறங்குவதில்லை? 70 கிலோ எடையுள்ளவர் 45 நிமிடம் பளு தூக்கினால் செலவாவது 150 முதல் 200 கலோரி. இறங்கி வரும் வழியில் காப்பிக்கடையில் உள்ளே எதுவும் வைக்காத ஒரு கோசோங் பிராட்டா சாப்பிட்டால் கணக்கு ஏறத்தாழ நேர். கூடவே கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக் வந்தால் மிச்சம் ஏறுமுகம். இங்கே சாப்பிட வைப்பது பசியல்ல, "இவ்வளவு உழைத்தோமே" என்ற சலுகை. சாப்பாட்டுக்கு மேல் குடிக்கும் புரோட்டீன் ஷேக்கும் அதே ரகம். சாப்பாட்டுக்குப் பதிலாக என்றால் வேறு கதை.

இன்னொரு சறுக்கல் எடை இயந்திரத்தில். புதிதாகத் தொடங்கியவரின் தசைகள் பழுதுபார்க்கும் வேலையில் நீரைப் பிடித்து வைப்பதால் முதல் சில வாரங்களில் ஒரு கிலோ கூடிக் காட்டலாம். அதைக் கண்டு பயந்து மதியச் சாப்பாட்டை விட்டவர், இரவு பத்து மணிக்கு மீ கோரெங் என்ற வறுத்த நூடுல்ஸ் முன் உட்கார்ந்திருப்பார். இடுப்பைச் சுற்றி நாடா பிடித்துப் பார்ப்பது மேல். ஆசியப் பெண்களுக்கு எல்லை 80 செ.மீ. சிங்கப்பூரில் பிஎம்ஐ (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் குறியீடு) 23இலிருந்தே நீரிழிவு, இதயநோய் ஆபத்து கூடுவதாகக் கொள்கிறார்கள், 27.5இலிருந்து அதிக ஆபத்து. 158 செ.மீ. உயரத்துக்கு அவை ஏறக்குறைய 57, 69 கிலோ.

தொடக்கத்துக்கு வாரம் இரண்டு மூன்று நாள் போதும், இடையில் ஒரு நாள் ஓய்வு. குந்தி எழுதல், டெட்லிஃப்ட் (தரையிலிருந்து பளுவைத் தூக்கி நிமிர்தல்), ரோ (பளுவை உடலை நோக்கி இழுத்தல்), பிரஸ் (பளுவைத் தள்ளுதல்): ஒவ்வொன்றும் 8 முதல் 12 தடவை, இரண்டு மூன்று செட் (சுற்று). இன்னும் இரண்டு தடவை தூக்க முடியும் என்ற நிலையில் நிறுத்துங்கள். 12 எளிதானால் 1 முதல் 2.5 கிலோ ஏற்றலாம்.

பயிற்சியை இரவுச் சாப்பாட்டுக்கு ஒட்டி வைத்தால் தனி நொறுக்குத்தீனிக்கு இடமிருக்காது. அந்தச் சாப்பாட்டில் 25 கிராம் புரதம் இருந்தால் பசி நெடுநேரம் அடங்கும். இரண்டு தோசையும் சாம்பாரும் 10 கிராமைத் தாண்டுவது கடினம். இரண்டு முட்டை சேர்த்தால் 12 கூடும். வேண்டியதைப் பொறுக்கி எடுத்துச் சூப்பில் வேகவைத்து வாங்கும் யோங் தாவ் ஃபூ கடையில் தவ்குவா (கெட்டி டோஃபு), மீன், முட்டை எடுத்துப் பொரித்ததைத் தவிர்த்தால் அளவு எளிதில் எட்டும்.

பசியைக் குறித்து வைப்பவர்கள் மாதவிடாய்த் தேதியையும் சேர்த்தே எழுத வேண்டும். அதற்கு முந்தைய வாரத்தில் பயிற்சி இல்லாமலேயே பலருக்குப் பசி கூடும். அந்தப் பழியைப் பளுவின் மேல் போட்டுப் பாதியில் நிறுத்தியவர்கள் நிறையப் பேர்.