சுகர் இருக்கிறதா? கண்ணில் குச்சி பட்டால் வலியை வைத்து முடிவு செய்யாதீர்கள்

குன்னூர், கோத்தகிரி பக்கம் கவாத்து சமயத்தில் தேயிலைக் குச்சி கண்ணில் பட்டு எங்களிடம் கண் சோதனைக்கு வருகிறவர்களில், சுகர் உள்ளவர்கள் சொல்வது பெரும்பாலும் இதுதான்: "பெருசா வலி இல்லைங்க, அதான் நாலு நாள் விட்டுட்டேன்." எங்களுக்குக் கவலையே அந்த வலி இல்லாததுதான்.

கருவிழியின் மேல்தோல் ஐந்தாறு அடுக்குச் செல்கள். தடிமன் 50 மைக்ரான் அளவு. நல்ல கண்ணில் சின்னக் கீறல் ஓரிரு நாளில் மூடிக்கொள்ளும். சுகர் பல வருடம் கட்டுக்கடங்காமல் இருந்தால், மரபணுக்கள் மாறுவதில்லை. எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்பதுதான் மாறுகிறது. மேல்தோலை அடித்தளத்தோடு பிடித்துவைக்கும் புரதங்கள் குறைகின்றன. அந்தப் பிடியை அரிக்கும் எம்.எம்.பி.-10, கேத்தப்சின்-எஃப் நொதிகள் கூடுகின்றன. மரபணுக்களின் வேலையை அடக்கும் சின்ன மூலக்கூறான மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களில் 146ஏ என்பது அதிகமாகி, காயத்தை மூடச் செல்கள் நகர்வதைத் தாமதப்படுத்துகிறது. செல்லைக் காக்கும் பி.சி.எல்.-2 புரதம் தாழ்ந்து, சாகத் தூண்டும் பேக்ஸ் புரதம் ஓங்கினால், கேஸ்பேஸ்-3 என்ற நொதி கிளம்பிச் செல்லை உள்ளிருந்தே முடித்துவிடும்.

மேல்தோலில் செத்த செல்லுக்குப் பதில் புதுசு வரும். கருவிழியின் உட்பக்கம் இருக்கும் எண்டோதீலியம் என்ற ஒற்றைச் செல் அடுக்கில் வராது. கண்புரை ஆபரேஷனிலும் அந்தச் செல்கள் கொஞ்சம் குறையும், ஆகவே அதற்கு முன்பு சுகரைப் பற்றிச் சொல்லி, அந்தச் செல் எண்ணிக்கையையும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

சுகரால் கருவிழியின் நரம்பிழைகளும் குறைகின்றன. வலியைச் சொல்வதோடு மேல்தோலுக்கு ஊட்டம் தருவதும் அவைதான். அதனால் மரத்துப்போகும் சொட்டு போடும் முன்பே பஞ்சு நுனியால் தொட்டு உணர்ச்சியைச் சோதிப்போம். சொட்டு விட்டபின் அந்தச் சோதனைக்குப் பயனில்லை. அடுத்து ஃப்ளூரசின் என்ற ஒளிரும் சாயம் தோய்த்த தாளைத் தொட்டுவைப்போம். நீல வெளிச்சத்தில் தோல் உரிந்த இடம் பச்சையாக ஒளிரும். சுகர் கண்ணில் அந்தப் பச்சையின் ஓரத்தைக் கவனிக்க வேண்டும்: தோல் ஒட்டாமல் மடிந்து கிடந்தால், மூடியதுபோல் தெரிந்தாலும் மறுபடி உரியும்.

இலை, குச்சி பட்ட காயத்தில் பூஞ்சை இறங்கும். சிவப்புக்கு என்று மெடிக்கலில் வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு சிவப்பைக் குறைத்துக் காட்டும், பூஞ்சையோ உள்ளே பரவும். தயவுசெய்து தாய்ப்பால், விளக்கெண்ணெய், பச்சிலைச் சாறு எதையும் விடாதீர்கள். தூசு விழுந்தால் காய்ச்சி ஆறிய தண்ணீரில் கழுவலாம். குச்சி குத்தி நின்றால் பிடுங்கவே கூடாது. தேய்க்காமல், இறுக்கிக் கட்டாமல், அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள். பார்வை மங்கினாலோ கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம். ஏற்கனவே போட்ட சொட்டின் பாட்டிலையும், கடைசியாக எடுத்த எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாத சராசரி சுகர்) ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.