உடனெழு நடத்தை: பக்க விளைவும் அல்ல, துணையும் அல்ல

தீனி போன்ற பரிசு விட்டுவிட்டு வரும்போது, அதைப் பெறத் தேவையில்லாத வேறொரு நடத்தை கூடவே மிகையாக எழுவதை உளவியல் 'அட்ஜங்டிவ் பிஹேவியர்' என்கிறது. அதைப் 'பக்க விளைவு நடத்தை' என்று எழுதுவதை இன்னும் எத்தனை மொழிபெயர்ப்புகளில் பொறுத்துக்கொள்வது? லத்தீனில் 'அட்' என்றால் அருகில், 'யுங்கெரே' என்றால் சேர்த்தல். உளவியலில் இப்பெயரை நிலைநிறுத்தியவர் ஜான் ஃபால்க், 1971இல்.

பொருளோ 1961இல் அவர் வெளியிட்ட எலிச் சோதனையில் இருக்கிறது. பசித்த எலி நெம்புகோலை அழுத்தினால், சராசரியாக நிமிடத்துக்கு ஒருமுறை 45 மில்லிகிராம் தீனி உருண்டை கிடைக்கும். தண்ணீருக்குத் தடையில்லை, அதனால் தாகமும் இல்லை. ஆனாலும் உருண்டையைத் தின்றதும் எலி தண்ணீர்க் குழாயிடம் போனது. மூன்று மணி நேரத்துச் சொச்சத்தில், வழக்கமாக ஒரு நாள் முழுவதும் குடிப்பதைப்போல மூன்று மடங்குக்கு மேல் குடித்தது. தீனியை மொத்தமாகக் கொடுத்துவிட்டால் இந்த மிகைக்குடி வராது.

'பக்க விளைவு' மருந்துச் சீட்டின் சொல். அளவு கூடினால் அதுவும் கூடும் என்றே வாசகர் நினைப்பார். இங்கே ஓர் உருண்டைக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி மிகக் குறுகினாலும் குடிப்பது குறையும், மிக நீண்டாலும் குறையும்.

'துணை நடத்தை' அதைவிடப் பிடிவாதமான பிழை. துணைவினை முதல்வினைக்கு உதவுகிறது. எலி குடிப்பது தீனி பெற எவ்வகையிலும் உதவவில்லை. குடித்ததற்காக யாரும் உருண்டை போடவும் இல்லை. 'பழக்கம்' என்பதும் ஆகாது: காரணம் போனபின்னும் தொடர்வதுதான் பழக்கம், இது தீனி வரும் முறையை நிறுத்தினால் அடங்கிவிடும். 'உடனெழு நடத்தை' என்றால் கூடவே எழுவதும் தெரிகிறது, உதவி என்ற பொய்யும் இல்லை.

இந்த ஆய்வுகளில் தீனி வரும் முறையைக் குறிக்கும் 'ஷெட்யூல்' என்ற சொல்லுக்கு 'அட்டவணை' என்று போடுவதும் இதே அவசரம். அட்டவணை கட்டம் போட்டு எழுதுவது. பரிசு எப்போது வரும் என்ற விதிக்கு 'வலுவூட்டல் ஒழுங்கு' போதும்.

மனிதரைப் பற்றி எழுதும்போது சொல்லில் இன்னும் கவனம் வேண்டும். காத்திருக்கும்போது புகைப்பது, குறுக்கும் நெடுக்கும் நடப்பது எல்லாவற்றையும் 'ஒழுங்கு தூண்டிய நடத்தை', அதாவது பரிசு வரும் முறையே எழுப்பிய நடத்தை, என்று எழுதிவிடுகிறார்கள். மனித நடத்தை எதுவாவது அப்படித் தூண்டப்படுகிறதா என்று 1992இல் உளவியலாளர் கெய்ர் ஓவர்ஷெய்ட் ஒரு கட்டுரையின் தலைப்பிலேயே கேட்டார். அதே பரிசை ஒரே தடவையில் கொடுத்தும், பரிசே இல்லாமல் அதே நேரம் உட்காரவைத்தும் ஒப்பிட்டால்தான் ஒழுங்கின் வேலை எது, வெறும் சலிப்பின் வேலை எது என்று பிரியும். அந்த ஒப்பீடு இல்லாத ஆய்வை மொழிபெயர்ப்பவர் 'தூண்டிய' என்று எழுதக் கூடாது. 'உடன் காணப்பட்ட' என்று எழுதட்டும்.